வேளாண் சுற்றுலா என்றால் என்ன? ‘ஃபார்ம் ஸ்டே’ போர்டு மாட்டினால் மட்டும் போதுமா? இத்தாலி முதல் குமரகம் வரை... முழு விவரம்!

வார இறுதி நெருங்கினாலே செல்போனில் ‘ஃபார்ம் ஸ்டே’ ரீல்ஸ் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். கயிற்றுக் கட்டில், மாட்டு வண்டி, பம்புசெட் குளியல், வாழை இலையில் சாப்பாடு. பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

ஆனால், அந்த இலையில் இருக்கும் கத்திரிக்காய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது? பக்கத்து வயலிலா, நகரத்து மொத்த மார்க்கெட்டில் இருந்து காலையில் வேனில் வந்ததா? நீங்கள் கட்டும் அறை வாடகை யார் கைக்குப் போகிறது? வேளாண் சுற்றுலா ஒரு ஊரை வாழவைக்குமா, வெறும் செட்டிங்காக மாற்றிவிடுமா என்பது இந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது. இத்தாலியில் 1985-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

வேளாண் சுற்றுலா என்றால் என்ன?

விவசாயம் நடந்துகொண்டிருக்கும் ஒரு பண்ணைக்கு வெளியூர்க்காரர்கள் போய்த் தங்குவது, அங்கே விளைந்ததைச் சாப்பிடுவது, அறுவடை, பால் கறப்பது போன்ற வேலைகளைப் பார்ப்பது, முடிந்தால் கூடச் சேர்ந்து செய்வது. அவ்ளோதான். இதில் முக்கியமான சொல் ‘நடந்துகொண்டிருக்கும்’ என்பது. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே நாற்று நடுவார்கள், களை எடுப்பார்கள். தோப்புக்குள் பத்து காட்டேஜ் கட்டி, வாசலில் ஒரு பழைய ஏரை நிறுத்திவைத்தால் அது ரிசார்ட். அதில் தப்பில்லை, ஆனால் அது வேறு தொழில்.

இத்தாலியில் எப்படித் தொடங்கியது?

இத்தாலியின் டஸ்கனி பகுதியை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். குன்றின் மேல் ஒற்றைக் கல்வீடு, சுற்றிலும் திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரங்கள். அந்தக் கல்வீடுகளில் நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் நில உரிமையாளர்கள் இல்லை. விளைச்சலில் பாதியை நிலக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் குடும்பம் நடத்தியவர்கள். நம்ம ஊர் வாரச் சாகுபடி மாதிரி. அங்கே அதற்குப் பெயர் ‘மெட்சாத்ரியா’.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வடக்கு இத்தாலியின் தொழிற்சாலைகள் ஆள் எடுக்க ஆரம்பித்தன. 1950-களிலும் 60-களிலும் கிராமங்கள் காலியாகின. 1964-ல் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதற்கே சட்டம் தடை விதித்தது. முறை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் வீடுகள் பூட்டிக் கிடந்தன, நிலங்கள் தரிசாகின, ஊரில் மிஞ்சியது வயதானவர்கள்.

அந்த நேரத்தில், 1965-ல், ‘அக்ரிதூரிஸ்ட்’ என்ற சங்கம் தொடங்கப்பட்டது. காலியாகக் கிடக்கும் பண்ணை அறைகளில் நகரத்து ஆட்களைத் தங்கவைத்தால் விவசாயிக்குக் கூடுதல் வருமானம் வரும், அவர் நிலத்தை விட்டுப் போகமாட்டார் என்பதுதான் யோசனை. சுற்றுலாவை வளர்ப்பதற்காக இதை ஆரம்பிக்கவில்லை, விவசாயியை ஊரில் நிறுத்துவதற்காக ஆரம்பித்தார்கள். பிறகு வந்த சட்டத்தின் ஒவ்வொரு நிபந்தனையிலும் இந்த நோக்கம் தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1985 டிசம்பரில் இத்தாலி தனது முதல் ‘அக்ரிதூரிஸ்மோ’ சட்டத்தைக் கொண்டுவந்தது. 2006 பிப்ரவரியில் அதை மாற்றி எழுதினார்கள். விரிவான விதிகளை அந்தந்தப் பிராந்திய அரசுகளே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் அடிப்படை நாடு முழுக்க ஒன்றுதான்.

முதலில், இதை நடத்துபவர் விவசாயியாக இருக்க வேண்டும். ஹோட்டல் முதலாளி ஒருவர் நிலத்தை வாங்கிப்போட்டு, பயிர் செய்யாமல் அறை மட்டும் வாடகைக்கு விட்டால் ‘அக்ரிதூரிஸ்மோ’ என்று பெயர் வைக்க முடியாது. அந்தச் சொல்லையே அனுமதி பெற்ற பண்ணைகள் மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று சட்டம் ஒதுக்கிவைத்திருக்கிறது. நம்ம ஊரில் யார் வேண்டுமானாலும் ‘ஃபார்ம் ஸ்டே’ போர்டு மாட்டலாம் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, விவசாயம்தான் பிரதான தொழிலாக இருக்க வேண்டும். இதை எப்படி அளப்பது? இங்கேதான் சட்டம் எழுதியவர்களின் சாமர்த்தியம் தெரிகிறது. வருமானத்தை வைத்து அளந்தால் விவசாயி மாட்டிக்கொள்வார். ஒரு வருடம் மழை பொய்த்தாலே அறை வாடகை விளைச்சல் பணத்தைத் தாண்டிவிடும். அதனால் குறிப்பாக வேலை நேரத்தைப் பார்க்கச் சொல்கிறது சட்டம். வயலுக்குச் செலவாகும் உழைப்பு, விருந்தினருக்குச் செலவாகும் உழைப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். சின்னப் பண்ணைகளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். 10 விருந்தினர்களுக்கு மேல் போகாதவரை விவசாயம்தான் பிரதானம் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது, சாப்பாடு. பரிமாறும் உணவில் பெரும்பகுதி சொந்தப் பண்ணையிலோ, அதே பகுதியில் உள்ள மற்றப் பண்ணைகளிலோ விளைந்ததாக இருக்க வேண்டும். ஒயினுக்கும் இதுவே விதி. நான்காவது, கட்டடம். பண்ணையில் ஏற்கெனவே இருக்கும் வீடு, தொழுவம், களஞ்சியம் போன்றவற்றைத்தான் அறைகளாக மாற்றலாம். வயலை அழித்து லாட்ஜ் கட்டுகிற கதைக்கு இடமில்லை.

2013-ல் பண்ணைகளைத் தரம் பிரிக்க நாடு முழுக்க ஒரே முறை வந்தது. ஹோட்டலுக்கு நட்சத்திரம் என்றால் இங்கே சூரியகாந்திப் பூ. ஒன்று முதல் ஐந்து வரை. இன்று இத்தாலியில் இப்படிப்பட்ட பண்ணைகள் சுமார் 25,000. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பெண்களே நடத்துகிறார்கள். அதிக எண்ணிக்கையில் இருப்பது டஸ்கனியிலும், வடக்கே ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய தெற்கு டிரோலிலும்தான்.

எல்லாம் பக்காவாக நடக்கிறது என்று சொல்ல முடியாது. நீச்சல் குளம், ஸ்பா என்று வைத்துக்கொண்டு ஹோட்டலுக்கு ஹோட்டலாக மாறிய பண்ணைகளும் உண்டு. பணக்கார வெளிநாட்டினர் பழைய பண்ணை வீடுகளை வாங்கிக் குவித்ததால் சில இடங்களில் விலை உள்ளூர்க்காரர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

உதாரணத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. தக்காளி வரத்து கூடி, மண்டியில் கிலோ 5 ரூபாய்க்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பறிகூலிக்கே கட்டாது. அதே தக்காளி, பண்ணைக்கு வந்த விருந்தினருக்கு ரசமாகவும் தொக்காகவும் இலையில் விழுந்தால்? அன்றைக்கு மண்டி விலை என்னவாக இருந்தாலும் சாப்பாட்டு விலை மாறாது. கமிஷன், ஏற்றுகூலி, லாரி வாடகை, கூடையில் நசுங்கிப்போகும் சேதாரம் எதுவும் இல்லை. இத்தாலியச் சட்டத்தில் இருப்பதுபோல் பக்கத்துத் தோட்டத்துக் காயும் சேர்ந்தால், ஒரு பண்ணைக்கு வரும் விருந்தினரால் நாலு பண்ணைக்குக் காசு போகும்.

ஆனால் விளைச்சல் மொத்தத்தையும் விருந்தினரே சாப்பிட்டுவிட முடியாது. இரண்டு ஏக்கர் தக்காளியை எத்தனை பேருக்கு ரசம் வைப்பது? மண்டியும் வேண்டும், உழவர் சந்தையும் வேண்டும். விலை விழும் நாட்களில் கைகொடுக்கும் இன்னொரு வருமானம் என்றுதான் இதைப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் உணவைக் காப்பாற்றும் பேச்சை உலக அளவுக்குக் கொண்டுபோனதும் இத்தாலிதான். 1986-ல் ரோம் நகரின் புகழ்பெற்ற ஸ்பானிஷ் படிக்கட்டுகள் அருகே மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. கார்லோ பெட்ரினி தொடங்கிய ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் அந்தச் சூழலில் வளர்ந்ததுதான். 1989-ல் பாரிஸில் அது சர்வதேச இயக்கமானது. அழிந்துவரும் பயிர் ரகங்கள், கால்நடை இனங்கள், பாரம்பரிய உணவுகளை அது பட்டியல் போட்டு ஆவணப்படுத்துகிறது. ஒரு ரகம் பிழைக்க வேண்டுமானால், அதைக் காசு கொடுத்துச் சாப்பிட ஆள் வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

சுற்றுலா வந்து, விவசாயம் போனால் என்ன ஆகும்?

அதற்கும் இத்தாலியிலேயே உதாரணம் இருக்கிறது. வடமேற்குக் கடற்கரையில் ‘சின்க்வே தேர்ரே’ என்று ஐந்து கிராமங்கள். கடலை ஒட்டிய செங்குத்தான மலைச்சரிவு. பல நூற்றாண்டுகளாக விவசாயிகள் அந்தச் சரிவைப் படிப்படியாக வெட்டி, சாந்து எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, திராட்சை வளர்த்தார்கள். அந்தப் படி வயல்களின் அழகுக்காகவும்தான் 1997-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999-ல் தேசியப் பூங்காவும் ஆனது.

சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் இந்தக் கிராமங்களுக்கு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பயணிகள் வர ஆரம்பித்தார்கள். அறை வாடகை, ஐஸ்கிரீம் கடை, உணவகம் என்று காசு புரண்டது. செங்குத்துச் சரிவில் கூடை சுமந்து திராட்சை பறிக்க யார் போவார்கள்? விவசாயம் ஏற்கெனவே குறைந்துகொண்டுதான் இருந்தது. சுற்றுலா அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

கற்சுவர் என்பது வருடா வருடம் கை வைக்க வேண்டிய விஷயம். ஒரு கல் சரிந்தால் உடனே எடுத்து வைக்க வேண்டும். விட்டால் மழைநீர் உள்ளே புகுந்து மொத்தச் சுவரையும் தள்ளிவிடும். 2011 அக்டோபர் 25-ம் தேதி கொட்டிய மழையில் வெர்னாட்சா, மோன்தெரோஸ்ஸோ ஆகிய இரண்டு கிராமங்கள் சேற்றிலும் கற்களிலும் புதைந்தன. உயிர்களும் போயின. மழை அசாதாரணமானதுதான். ஆனால் கவனிப்பாரற்றுக் கிடந்த படி வயல்களில் இருந்து மண்ணும் கல்லும் சரிந்துவந்ததும் பாதிப்புக்குக் காரணம் என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

எந்த வயலைப் பார்க்கப் பயணிகள் வந்தார்களோ, அந்த வயலைப் பராமரிக்க ஆள் இல்லை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் மலைச்சரிவுத் தோட்டங்கள் விலைபோய் அறைகளாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இப்போது அங்கே படி வயல்களை மீட்கவும், கற்சுவர் கட்டப் பயிற்சி தரவும் முயற்சிகள் நடக்கின்றன. விட்ட கைத்தொழிலைத் திரும்பப் பிடிப்பது லேசான காரியமில்லை.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியாவில் இதை முன்னெடுத்த மாநிலம் மகாராஷ்டிரா. புனே அருகே பாராமதி பகுதியில் 2005 வாக்கில் முன்னோடி மையம் தொடங்கியது. 2020-ல் மாநில அரசு வேளாண் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டது. விவசாயிகளும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களும் சுற்றுலாத் துறையில் பதிவு செய்து இதை நடத்தலாம்.

அங்கே சூப்பர் ஹிட் ஆனது எது தெரியுமா? ‘ஹுர்டா’. பால் பிடித்த பச்சைச் சோளக் கதிரை வரட்டி நெருப்பில் சுட்டு, கையில் வைத்துக் கசக்கி, சூடாக உதிரும் மணிகளை வேர்க்கடலைச் சட்னி, தயிர், வெல்லத்தோடு சாப்பிடுவார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கிடைக்கும். காலங்காலமாக வயலில் சொந்தக்காரர்கள் கூடிச் சாப்பிட்டதுதான். இன்று நகரத்துக் குடும்பங்கள் அதற்காகவே காரில் வருகின்றன.

சோளம் முற்றி, காய்ந்து, மூட்டையில் ஏறினால் மண்டி சொல்வதுதான் விலை. பச்சைக் கதிருக்கு மண்டி விலை என்று ஒன்று கிடையாது. பறித்தவுடன் சாப்பிட்டால்தான் ருசி. அதனால் விலையை வைப்பது விவசாயி. லாரியில் ஏற்ற முடியாத பொருள் என்பது வியாபாரத்தில் பலவீனம், வேளாண் சுற்றுலாவில் அதுவே பலம். தெற்கு டிரோலில் இலையுதிர் காலத்தில் புது ஒயினும் சுட்ட செஸ்ட்நட்டும் சாப்பிட ஜனங்கள் பண்ணை பண்ணையாகப் போகும் ‘டோர்கெலன்’ வழக்கமும் இதே ரகம்தான்.

கேரளாவில் வழி வேறு

கேரளாவின் குமரகத்தில் பிரச்னை தலைகீழாக இருந்தது. வேம்பநாட்டு ஏரிக்கரையில் ரிசார்ட்கள் முதலிலேயே வந்துவிட்டன. ஆனால் அவற்றின் சமையலறைக்குக் காய்கறி வெளியூர் மார்க்கெட்டில் இருந்து வந்தது. ஊர் மக்களுக்குக் கிடைத்தது குப்பையும் கோபமும்தான்.

2008-ல் ‘பொறுப்புச் சுற்றுலா’ திட்டம் அங்கே தொடங்கியது. கோவளம், தேக்கடி, வயநாடு ஆகியவையும் முதல்கட்ட இடங்கள். பஞ்சாயத்து, ஹோட்டல்கள், பெண்களின் சுயஉதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீ மூன்றும் உட்கார்ந்து பேசின. குழுக்கள் காய்கறி விளைவிக்கும், ஹோட்டல்கள் வாங்கிக்கொள்ளும். தரிசு நிலங்களில் மறுபடி பயிர் ஏறியது.

ஆரம்பத்தில் தடுமாற்றம்தான். ஹோட்டலுக்குத் தினமும் ஒரே அளவில், ஒரே தரத்தில் காய் வேண்டும். செடிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒருநாள் வெண்டைக்காய் குவியும், இன்னொருநாள் கூடை காலி. விலை, தரம், சேகரிப்பு மூன்றுக்கும் ஒரு ஏற்பாடு செய்த பிறகே வண்டி ஓடியது. கயிறு திரிப்பது, தாழை ஓலைப் பாய் முடைவது போன்றவற்றைப் பயணிகள் வீடுகளுக்கே போய்ப் பார்க்கும் ‘கிராம வாழ்க்கை’ சுற்றுலாவும் சேர்ந்தது. ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருது 2013-ம் ஆண்டுக்காக கேரளாவுக்குக் கிடைக்க இதுவே காரணம். 2017-ல் இதற்கென மாநில அளவில் தனி மிஷனே உருவானது.

ரிசார்ட்கள் ஏற்கெனவே நிறைந்துவிட்ட ஊர்களுக்கு இத்தாலியைவிட குமரகம்தான் பொருத்தமான முன்மாதிரி. நிலம் கைமாறிய பிறகு ‘விவசாயி மட்டுமே நடத்தலாம்’ என்று விதி போட்டுப் பிரயோஜனமில்லை. அந்த ஹோட்டல் யாரிடம் காய் வாங்குகிறது என்பதையாவது மாற்றலாம்.

தமிழ்நாட்டில் என்ன வாய்ப்பு?

‘லாரியில் ஏற்ற முடியாத பொருள்’ என்று தேடினால் முதலில் நிற்பது பதநீர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதை அன்று காலையிலேயே, பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து நகரத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. ஆனால் ஆளைப் பனங்காட்டுக்கு வரவைக்கலாம். கூடவே நுங்கு, கருப்பட்டி காய்ச்சும் அடுப்பு. தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களின் கோடைக்கு இதைவிடப் பெரிய விருந்து என்ன இருக்கிறது? பனையேறக் கற்றவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் சிக்கல். ஒரு கலயத்துக்கு நல்ல விலை கிடைத்தால் அந்தத் தொழிலில் ஒருவர் நீடிக்கக் காரணம் இருக்கும்.

புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை மலை வாழை, கொடைக்கானல் மலைப்பூண்டு போன்றவையும் இப்படி ஊரோடு ஒட்டிய பொருட்கள்தான். டெல்டாவில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற பாரம்பரிய நெல் ரகங்களைச் சாகுபடி செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அரிசியைச் சோறாகவும் கஞ்சியாகவும் வயல் வீட்டிலேயே சாப்பிட்டவர், ஊருக்குப் போன பிறகும் அதே விவசாயியிடம் மூட்டை கேட்பார்.

இறங்க நினைக்கும் விவசாயி கவனிக்க வேண்டியது சில. விவசாய வருமானத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் விவசாய வருமானம் ஆகாது. உணவு பரிமாறினால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். இன்னொரு விஷயம், இதைப் பேசுபவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது: விருந்தினருக்குச் சமைப்பதும் அறை பெருக்குவதும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும். ஏற்கெனவே வயல் வேலை, மாட்டு வேலை பார்ப்பவர்களுக்கு இது மூன்றாவது ஷிஃப்ட். அந்த உழைப்புக்கான காசு அவர்கள் கணக்கில் ஏறாவிட்டால் ரெண்டே சீசனில் ஆர்வம் போய்விடும். மாதத்தில் நாலு நாள், நாலு பேர் என்று ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம்.

புக் பண்றதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

நீங்கள் பயணியாகப் போகிறீர்கள் என்றால், போன் போடும்போதே கேட்டுவிடலாம். இப்போ வயல்ல என்ன பயிர் நிக்குது? பதில் உடனே வந்தால் நல்ல அறிகுறி. சாப்பாட்டில் என்னென்ன உங்கள் தோட்டத்துக் காய், என்னென்ன வெளியில் வாங்குவது என்று கேளுங்கள். எல்லாமே எங்களதுதான் என்பவரைவிட, “எண்ணெயும் உளுந்தும் கடையில்தான், மத்ததெல்லாம் இங்கயும் பக்கத்துத் தோட்டத்துலயும்” என்று பிரித்துச் சொல்பவரை நம்பலாம். பண்ணையை நடத்துபவர் அங்கேயே குடியிருக்கிறாரா, வேலைக்கு உள்ளூர் ஆட்களா என்பதையும் கேட்கலாம்.

பன்னீர் பட்டர் மசாலா இல்லையா என்று அங்கே போய்க் கேட்காமல் இருப்பது உங்கள் பங்கு. மே மாதத்தில் ஹுர்டா கேட்டால் கிடைக்காது. என்ன சீசன் என்று விசாரித்து, அதற்கு ஏற்ற மாதிரி லீவு போடுவதுதான் வசதி.